பிரித்துத் தைத்த மாலை

அழகு கண்ணுக்கு விருந்து என்பர். அவ்விருந்தைச் சமைத்த கைகள் உண்டனவா, பசித்திருந்தனவா என்று கேட்பவர் மிகச் சிலரே. பீட விரிப்பின் பூத்தையலைக் கண்டு வியக்கிறோம். திருவிழா நாளில் அன்னையின் சுரூபத்தில் மின்னும் மாலையைக் கண்டு கைகூப்புகிறோம். அதைத் தைத்தவர் யார், எத்தனை இரவுகள் கண்விழித்தார் என்னும் வினா நம் உள்ளத்தில் எழுவதில்லை. கால் நூற்றாண்டுக்கு மேலாகக் குருத்துவப் பணியில் இருக்கும் நமக்கும் அது எழவில்லை, கோடு போட்ட ஒரு சிறு குறிப்பேடு கண்ணில் படும்வரை. அந்நிகழ்ச்சியை ஒளிக்காமல் எழுதுவது கடமை என்று தோன்றியதால், அன்பார்ந்த குடும்பங்களே, இக்கட்டுரையை உங்கள் முன் வைக்கிறோம்.

இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 12 கிலோமீட்டர். மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை வேலியாக நிற்கிறது. கிழக்கே கரிசல் நிலம் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கிறது. ஓர் ஊர் பஞ்சால் வாழ்வது; மற்ற ஊர் மாலையால் பெயர் பெற்றது. 1936இல் இராஜபாளையம் மில்ஸ் நிறுவப்பட்டது. அடுத்துள்ள சத்திரப்பட்டியில் விசைத்தறிகள் இன்றும் மருத்துவமனைகளுக்குக் கட்டுத்துணி நெய்துகொண்டிருக்கின்றன. ஸ்ரீவில்லிபுத்தூரிலோ, ஆண்டாளுக்குச் சூட்டிய மாலை ஆண்டுதோறும் திருமலைப் பிரம்மோற்சவத்துக்கும் மதுரைச் சித்திரைத் திருவிழாவுக்கும் புறப்பட்டுச் செல்கிறது. இவ்விரு ஊர்களுக்கும் இடையே, சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி, நம் சிற்றாலயம் அமைந்திருக்கிறது.

அவ்வாலயத்தின் பாதுகாவலி அமலோற்பவ அன்னை. நாலரை அடி உயரச் சுரூபம். வெண்ணிற அங்கி, நீலக் கச்சை, கூப்பிய கரங்கள், சற்றே தாழ்ந்த முகம். 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், டிசம்பர் 8 பெருவிழாவைப் பற்றிப் பேசப் பங்குப் பேரவை கூடியது. "மாதாவின் கழுத்தில் கிடக்கும் பிளாஸ்டிக் மாலை வெளுத்துப் போயிற்று, சாமி, மதுரைக்கு ஆள் அனுப்பிப் புதிதாக ஒன்று வாங்கிவிடலாம்" என்றார் பெரியவர் ஒருவர். அப்போது நமக்கு ஒரு நினைவு வந்தது. நம் பங்கில் இருபத்திரண்டு வயது மகள் ஒருத்தி, மணப்பெண்களின் இரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்து வருகிறாள். தகப்பனார் இல்லாத வீடு. தாயார் நாள்தோறும் பேருந்தில் சத்திரப்பட்டிக்குச் சென்று தறிக் கொட்டகையில் வேலை செய்கிறார். 'கடைச்சரக்கு எதற்கு? நம் பங்கு மகள் செய்யட்டுமே!' என்று எண்ணினோம். நல்ல எண்ணந்தான். ஆனால் நல்ல எண்ணத்தின் வாலைப் பிடித்துக்கொண்டே நம் பிழையும் உள்ளே நுழைந்தது.

அவளை அழைத்துக் கேட்டோம். முகம் மலர்ந்து, "செய்கிறேன், ஃபாதர்" என்றாள். அவ்வளவே அவள் சொன்னது. அடுத்த ஞாயிறு திருப்பலி முடிவில், "நம் பங்கு மகள் ஒருத்தி அன்னைக்கு ஒரு மணி ஆரத்தைக் காணிக்கையாகத் தைத்துத் தருகிறாள்" என்று அறிவித்துவிட்டோம். மக்கள் கைதட்டினார்கள். காணிக்கை என்ற சொல்லை அவள் வாய் சொல்லவில்லை என்பதை நாம் அப்போது கவனித்தோமில்லை.

வேலை தொடங்கியது. கைப்பேசியில் கிடைத்த ஒரு படத்தில் பச்சைக் கற்கள் பதித்த இரட்டை மயில் ஒன்று இருந்தது, அதையே எடுத்துக்கொண்டாள். ஒளி ஊடுருவும் தாளில் மயிலை வரைந்து, கோட்டின்மேல் நெருக்கமாக ஊசியால் துளையிட்டு, சட்டத்தில் விறைப்பாகக் கட்டிய துணிமேல் அத்தாளை விரித்து, மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பொடியைப் பஞ்சால் ஒற்றினாள். தாளை எடுத்ததும் துணியில் புள்ளிப் புள்ளியாக மயில் எழுந்து நின்றது. நாம் அவ்வழியே நோயாளிகளைச் சந்திக்கச் சென்றபோது திண்ணையில் அமர்ந்து இதைப் பார்த்து, சிறு பிள்ளைபோல் மகிழ்ந்தோம். கொக்கி முனை கொண்ட ஆரி ஊசி துணிக்குள் இறங்கி, நூலைப் பற்றி மேலே வரும். ஒவ்வோர் இறக்கத்துக்கும் ஒரு மணி துணியில் அமரும். பார்க்கப் பார்க்கக் கண் சலிக்காத வேலை.

பாதி முடிந்ததும் அளவு பார்க்க ஆலயத்துக்கு எடுத்து வந்தாள். ஏணி வைத்து ஏறி, சுரூபத்தின் கழுத்தில் வைத்துக் கட்டினோம். கீழே இறங்கி அண்ணாந்து பார்த்தால், மயில்களின் உடலைக் கூப்பிய கரங்கள் மறைத்துவிட்டன. எஞ்சிய தோகையோ, மேலிருந்து விழும் விளக்கொளியில் ஒரே பளபளப்பாகி, உருவமே தெரியவில்லை. நாம் முகத்துக்காக, "நன்றாய் இருக்கிறது, அம்மா" என்றோம். அருகில் நின்ற பீடச் சிறுவனுக்கு அந்த நாகரிகம் தெரியவில்லை. "மாதா கழுத்தில் என்ன சாமி, வெட்டுக்கிளியா?" என்று கேட்டுவிட்டான்! அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கடைசி வரிசைப் பெஞ்சில் போய் அமர்ந்து, நெடுநேரம் சுரூபத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வந்து, "பிரித்துவிடுகிறேன், ஃபாதர்" என்றாள்.

ஆரித் தையல் சங்கிலித் தையல். விரைவில் ஏறும், நூல்முனை கிடைத்துவிட்டால் அதைவிட விரைவில் இறங்கிவிடும். பல இரவுகள் தைத்தது சிறிது நேரத்தில் உருவிக்கொண்டு வந்தது. அவள் தாயார் நம்மிடம் வந்து கண்கலங்கினார். "நல்லா இருக்குன்னு நீங்களே சொல்லிட்டீங்க, சாமி. அப்புறம் எதுக்கு இவ பிரிச்சா? ரெண்டு கல்யாணச் சட்டை தச்சிருந்தா வீட்டு வாடகைக்கு ஆகியிருக்கும்." நாம் ஏதோ ஆறுதல் சொல்லி அனுப்பினோம். அந்த வாடகை என்ற சொல் நம் காதில் விழுந்தது, நெஞ்சில் விழவில்லை.

ஒரு கலைஞர்க்கு மிகக் கடினமான காலம் எது என்று இப்போது நம்மைக் கேட்டால், கை சும்மா இருக்கும் காலம் என்போம். பத்து நாள்கள் அவள் ஒரு மணியையும் தொடவில்லை. மாலை வேளைகளில் ஆலயத்துக்கு வந்து, வாயிலருகே, நடுவே, பீடத்தடியில் என்று மூன்று இடங்களில் நின்று சுரூபத்தைப் பார்ப்பாள். பழைய நாளிதழைக் கத்தரித்துக் கழுத்து வடிவம் செய்து, ஏணியில் ஏறி வைத்துப் பார்ப்பாள், மீண்டும் கத்தரிப்பாள். அவ்வாறு அவள் கண்டுபிடித்தவை எளியவை. ஆயினும் நாம் பல ஆண்டுகள் நாள்தோறும் அச்சுரூபத்தின் முன் நின்றும் காணாதவை. கூப்பிய கரங்களுக்கு மேலே நான்கு விரற்கடை இடமே மக்களின் கண்ணுக்குத் தெரியும். ஆகவே ஆரம் நீண்டு தொங்கலாகாது, கழுத்தை ஒட்டிப் பட்டையாக அமைய வேண்டும். காண்போர் இருபது அடிக்கு அப்பால் நிற்பர். ஆகவே சிறு நுணுக்கங்கள் வீண், உருவங்கள் பெரியனவாக, சிலவாக இருக்க வேண்டும். எல்லா மணியும் மின்னினால் எதுவும் தெரியாது. ஆகவே மின்னாத மணியே மிகுதியாக வேண்டும். மூன்று விதிகளும் கிடைத்தன. உருவந்தான் கிடைக்கவில்லை.

"மாதாவுக்கு நம்ம ஊர்ப் பூ எது, ஃபாதர்?" என்று ஒருநாள் கேட்டாள். அல்லி என்றோம், ஐரோப்பியப் படங்களில் அன்னையின் அருகே காண்பதுதானே! தாமரை என்றோம். மல்லிகை என்றோம். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள், எதற்கும் அவள் கண் ஒளிரவில்லை. அன்று மாலை அவள் தாயார் தறியிலிருந்து திரும்பி வந்து, வாசற்படியில் அமர்ந்து தலையை உதறினாராம். கூந்தலெல்லாம் பஞ்சுத் தும்பு. நாள்தோறும் காணும் காட்சிதான். அன்றுதான் அது அவள் கண்ணில் பட்டது. மறுநாள் காலைத் திருப்பலிக்கு வந்தவள் நேரே நம்மிடம் வந்து, "பருத்திப் பூ, ஃபாதர்!" என்றாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கு உருவான பருத்தி இரகங்கள் எஸ்.வி.பி.ஆர். என்று அவ்வூரின் பெயரையே சுருக்கமாகத் தாங்கி நிற்பதை உழவர்கள் அறிவர். பஞ்சாலையும் தறியும் சூழ்ந்த இப்பகுதியில் பருத்தி நம் உணவைப் போன்றது. ஆனால் பருத்திப் பூவை நின்று பார்த்தவர் எத்தனை பேர்? அக்டோபர் தொடக்கத்தில், பங்கு மக்களில் ஒருவருடைய கொல்லைக்கு அவளையும் அவள் தாயாரையும் அழைத்துச் சென்றோம். அன்று காலை மலர்ந்த பூக்கள் வெளிர்மஞ்சளாக இருந்தன. அதே செடியில் முந்தின நாள் மலர்ந்த பூக்கள் இளஞ்சிவப்பாகச் சுருங்கியிருந்தன. "ஒரே பூதான், சாமி, முதல் நாள் ஒரு நிறம், மறுநாள் ஒரு நிறம். அப்புறம் உதிர்ந்து காய் பிடிக்கும்" என்று விளக்கினார் கொல்லைக்காரர். அவள் வரப்பில் அமர்ந்து, ஒரு பூவின் இதழ்களை ஒவ்வொன்றாக விரித்து எண்ணினாள். பூவின் அடியில் பல்பல்லாக நிற்கும் பச்சை இலைகளை வரைந்துகொண்டாள்.

அவள் கடைசியாக வரைந்த படம் இது: இடப்புறம் மொட்டும் வெளிர்மஞ்சள் பூவும்; வலப்புறம் இளஞ்சிவப்புப் பூவும் பச்சைக் காயும்; நடுவில், நெஞ்சுக்கு நேரே, வெடித்த பருத்தி. அதன் சுளைகள் தூத்துக்குடியில் வாங்கிய முத்துச்சிப்பித் துண்டுகள். மின்னுபவை அவை மட்டுமே. மற்ற மணிகள் யாவும் ஒளி மங்கியவை. ஆனால் வெள்ளை அங்கியின்மேல் வெள்ளைப் பஞ்சு தெரியாதே! ஆகவே பின்புலம் முழுவதும் கருமணி என்று முடிவு செய்தாள். பேரவையில் முணுமுணுப்பு எழுந்தது. "மாதாவுக்குக் கறுப்பா, சாமி?" நாமும் தயங்கினோம். அவள் அமைதியாகச் சொன்னாள்: "அது கறுப்பு இல்லை, ஃபாதர். கரிசல். பருத்திக்குத் தாய் அதுதானே?" அதற்குமேல் பேச நம்மிடம் ஒன்றுமில்லை.

மணிகளைப் பற்றியும் இரண்டொரு சொல் சொல்ல வேண்டும். கடைகளில் இவை எண்ணால் விற்கப்படுகின்றன. எண் கூடக் கூட மணி சிறுக்கும். 8ஆம் எண் மணி ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். 11ஆம் எண் 2 மில்லிமீட்டர். 15ஆம் எண் ஒன்றரை மில்லிமீட்டர். பூவின் விளிம்புக்குப் பெரியது, உட்புறத்துக்கு நடுத்தரம், வளைவு நெளிவுகளுக்குச் சிறியது என அவள் பிரித்துக் கிண்ணங்களில் வைத்திருந்தாள். 11ஆம் எண் மணி கொண்டு ஒரு சதுர சென்டிமீட்டரை நிரப்ப ஏறத்தாழ 30 மணிகள் வேண்டும். அதாவது நம் கட்டைவிரல் நகத்தளவு இடத்தில் முப்பது! இச்சிறு பொருள் நம் மண்ணுக்குப் புதிதன்று. இதே மாவட்டத்தில், வைப்பாற்றங்கரையில் உள்ள வெம்பக்கோட்டையில், தமிழகத் தொல்லியல் துறை 2022இல் தொடங்கிய அகழாய்வில் கண்ணாடி மணிகளும் சங்கு வளையல்களும் மண்ணுக்கடியிலிருந்து வெளிவந்தன. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்ணாடி மணிகள் செய்யப்பட்டுக் கடல் கடந்து சென்றன. அவற்றைச் செய்தவர், துளையிட்டவர், கோத்தவர் பெயர்களுள் ஒன்றேனும் நமக்கு எட்டவில்லை. மணி நிலைத்தது, கை மறைந்தது.

இம்முறை அவள் ஆரி ஊசியை எடுக்கவில்லை. "சங்கிலித் தையலில் ஒரு நூல் அறுந்தால் வரிசையே உருவிக்கொள்ளும், ஃபாதர். மாதா மாலை என் காலத்துக்குப் பிறகும் இருக்க வேண்டாமா?" என்றாள். மெல்லிய நேர் ஊசியில் மெழுகு தேய்த்த நூல் கோத்து, நான்கு மணிகளை எடுத்துத் துணியில் படுக்க வைத்து ஊசியைக் கீழே இறக்குவாள். இரண்டு மணி தொலைவு பின்னோக்கி வந்து மேலேறி, கடைசி இரண்டு மணிகளின் துளை வழியே மறுபடியும் நுழைவாள். பிறகு அடுத்த நான்கு. முன்னே நான்கு, பின்னே இரண்டு. அதனால் ஒரு நூல் அறுந்தாலும் மணி உதிராது. முதலில் ஒவ்வோர் உருவத்தின் விளிம்பையும் முடிப்பாள்; பிறகு உட்புறத்தை விளிம்பிலிருந்து நடுவை நோக்கி நிரப்புவாள்; பின்புலம் கடைசியில். மழைக்காலம் ஆகையால் மின்சாரம் போகும். பொழுது சாய்ந்தபின் இளஞ்சிவப்பும் வெளிர்மஞ்சளும் ஒன்றாகத் தோன்றும். ஆகவே பூக்களைப் பகலிலும் கரிசலை இரவிலும் தைத்தாள்.

துணியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை குறையுடையதாகும். சட்டைக் கழுத்துக்கு விறைப்புக் கொடுக்கத் தையற்காரர் வைக்கும் பக்ரம் துணியை அடியில் வைத்து, அதன்மேல் நான்கு மடிப்பாக வேறொரு துணியை இழையோட்டியிருந்தாள். என்ன துணி என்று கேட்டோம். "அம்மா தறியில் நெய்த கட்டுத்துணி, ஃபாதர், அவங்க காசு கொடுத்து வாங்கி வந்தாங்க" என்றாள். காயங்களைக் கட்ட நெய்த துணி! முடிந்த ஆரத்தில் அது ஓர் இழைகூட வெளியே தெரியாது. ஆனால் மணிகள் அனைத்தையும் தாங்கி நிற்பது அதுவே.

நவம்பர் இறுதியில் ஒரு மாலைப்பொழுது, தாயாரின் உரத்த குரல் கேட்டு அவ்வீட்டு வாசலில் நின்றோம். நிலைக்கண்ணாடி முன் மகள் நிற்கிறாள். அவள் கழுத்தில் அந்த ஆரம்! "அடி பாவி மகளே! மாதாவுக்குப் போடுறதுக்கு முந்தி நீ போடலாமா? சாமி, நீங்களே கேளுங்க!" என்றார் தாயார். மகளுக்கோ முகம் வெளிறிவிட்டது. "கழுத்து வளைவில் மடியுதான்னு பார்த்தேன், ஃபாதர். சட்டத்தில் கிடக்கும்போது தெரியலை" என்றாள். நாம் சிரித்துவிட்டோம். "அம்மா, எந்த ஊர்ப் பக்கத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்கள்? மாலையைத் தாம் சூடிப் பார்த்துவிட்டுத் தம் இறைவனுக்குக் கொடுத்தார் என்பதற்காகவே ஒரு பெண்ணைச் சூடிக் கொடுத்த சுடர்க்கொடி என்று போற்றும் ஊராயிற்றே இது! ஆண்டாள் தம் அழகை நோக்கியதாகச் சொல்லும் கண்ணாடிக் கிணற்றை இன்றும் அங்கே காட்டுகிறார்களே!" என்றோம். அண்டை வீட்டாரின் பக்தி மரபிலிருந்து நாம் கற்றுக்கொள்ளக்கூடாதா என்ன? அக்கோயிலில் ஆண்டாளின் கையில் வைக்கும் கிளியை நாள்தோறும் இலைகளாலும் பூக்களாலும் புதிதாகச் செய்கிறார்கள்; மூக்குக்கு மாதுளம்பூ. ஒருநாள் வாழ்வுக்கு அத்தனை கவனம்! தாயாரும் சிரித்துவிட்டார்.

சிரிப்பு அடங்கியபோதுதான் அந்தக் குறிப்பேடு நம் கண்ணில் பட்டது. கண்ணாடியின் கீழே, ஊசிப் பெட்டியின்மேல், திறந்தபடி கிடந்தது. 'படமா?' என்று எடுத்துப் பார்த்தோம். படமன்று, கணக்கு. அவளுக்கு ஆரி வேலை கற்பித்த அக்கா, எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று எழுதி வைக்கப் பழக்கியிருந்தாராம். மயில் வேலை, 22 மணி நேரம். அளவு, படம், மாதிரித் தையல், 14. மணித்தையல், 49. ஓரம், பின்துணி, கொக்கி, 9. கூட்டினால் 94. பக்கத்துப் பத்தியில் இன்னொரு பட்டியலும் இருந்தது: திருவிழா முடிந்தபின் வாருங்கள் என்று திருப்பி அனுப்பிய மணப்பெண் இரவிக்கைகள், மூன்று. அதற்குக் கீழே, பென்சிலில், வீட்டு வாடகை பாக்கி.

அன்பர்களே, அவ்வேளை நம் உள்ளம் பட்ட பாட்டை என்னென்போம்! வேலை செய்பவருக்கு உரிய கூலியைப் பற்றி எத்தனை மறையுரை ஆற்றியிருக்கிறோம்! தொழிலாளரின் பாதுகாவலரான புனித சூசையப்பரின் மே முதல் நாள் விழாவில், ஆலை முதலாளிகளின் மனச்சான்றை எத்தனை முறை தட்டி எழுப்பியிருக்கிறோம்! நம் ஆலயத்தில் 94 மணி நேரம் உழைத்த ஒரு பெண்ணின் முன் நாமே கூலி கொடாத முதலாளியாக நின்றோம். அதற்குக் 'காணிக்கை' என்று பெயரும் சூட்டி, ஊரறிய அறிவித்து, அவள் மறுக்க முடியாதபடி வாயையும் அடைத்துவிட்டோம்.

பேரவையைக் கூட்டினோம். "மாதாவுக்குச் செய்வதற்குக் கூலியா, சாமி? புண்ணியம் போய்விடாதா?" என்று வினவினார் ஒருவர். நாம் சென்ற ஆண்டுத் திருவிழாக் கணக்கை எடுத்து வாசித்தோம். விளக்கலங்காரம் அமைத்தவருக்குப் பணம். ஒலிபெருக்கிக்காரருக்குப் பணம். மேளக்காரர்க்குப் பணம். சப்பரத்துக்கு வண்ணம் பூசியவர்க்குப் பணம். "இவர்கள் செய்ததும் மாதாவுக்குத்தானே? இவர்களிடம் புண்ணியத்தைப் பற்றி நாம் பேசினோமா? வீட்டுக்குள் அமர்ந்து ஊசியால் உழைக்கும் பெண்ணிடம் மட்டும் ஏன் பேசுகிறோம்?" என்றோம். மன்றம் சற்று நேரம் வாய் திறக்கவில்லை.

நாஞ்சில் நாட்டு வரலாறு ஒன்றையும் அவர்களுக்கு எடுத்துரைத்தோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், நாகர்கோவிலில் இலண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். திருவிதாங்கூரில் அடிமைமுறை இருந்த காலம் அது. 1855இல்தான் அது ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பே, பின்னல் வேலையில் ஈட்டிய பணத்தைக் கொடுத்துத் தம் விடுதலையைத் தாமே பெற்றுக்கொண்ட பெண்கள் சிலர் இருந்தனர். கைவேலை அவர்களுக்குக் கதவைத் திறந்தது. ஏனெனில் அதற்குக் கூலி இருந்தது. கூலி இல்லாதிருந்தால் அதே நூல் இன்னொரு விலங்காகவே ஆகியிருக்கும் அல்லவா?

ஒரு மணப்பெண் இரவிக்கைக்கு அவள் வாங்கும் கூலியை, அதைத் தைக்க ஆகும் மணி நேரத்தால் வகுத்து, வந்ததை 94ஆல் பெருக்கினோம். விளக்கலங்காரத்துக்குக் கொடுத்ததில் பாதிகூட வரவில்லை! மணி, நூல், சிப்பி, கட்டுத்துணி ஆகியவற்றின் விலையையும் சேர்த்து உறையிலிட்டு, நாமும் பேரவையினர் இருவரும் அவ்வீட்டுக்குச் சென்றோம். அவள் முதலில் கையை நீட்டவில்லை. "ஊரெல்லாம் காணிக்கைன்னு சொல்லியாச்சே, ஃபாதர்" என்றாள். "அதை நாம் சொன்னோம், மகளே, நீ சொல்லவில்லை. கேளாமல் எடுத்துக்கொண்டதற்குக் காணிக்கை என்று பெயரில்லை. எங்களை மன்னித்துவிடு" என்றோம்.

அவள் உறையை வாங்கினாள். குறிப்பேட்டைத் திறந்து பார்த்தாள். ஏதோ கணக்கிட்டு, ஒரு பகுதியை எண்ணி நம்மிடமே திருப்பிக் கொடுத்தாள். "அந்த 22 மணி நேரத்துக்கு வேண்டாம், ஃபாதர். மயிலைப் பிரிச்ச அன்றுதான் பார்க்கக் கத்துக்கிட்டேன். அதை மாதாவுக்கு நானே கொடுக்கிறேன்." நாம் மறுத்துப் பேச வாயெடுத்தோம், தாயார் கையமர்த்தினார். "அவ கொடுக்கட்டும், சாமி" என்றார். நாம் அறிவித்த காணிக்கை பொய்யாயிற்று. அவள் தானே முன்வந்து கொடுத்த காணிக்கை மெய்யாயிற்று. அதைப் பெற்றுக்கொண்டோம்.

டிசம்பர் 8 அன்று, திருப்பலிக்கு முன் நம் பழைய அறிவிப்பைத் திருத்தினோம். "இவ்வாரத்தைத் தைத்தவருக்கு நாம் கூலி கொடுத்திருக்கிறோம். கேளாமலே காணிக்கை என்று அறிவித்தது பங்குத் தந்தையின் பிழை" என்றோம். சிலர் முகம் சுளித்தனர். ஆனால் திருப்பலி முடிந்ததும், தீப்பெட்டிக்குப் படம் ஒட்டும் பெண்களும் தறிக்குச் செல்லும் பெண்களும் சுரூபத்தின் முன் நெடுநேரம் நின்றதைக் கண்டோம். கடைசிப் பெஞ்சிலிருந்து பார்த்தாலும் பருத்திப் பூ தெரிந்தது. "நம்ம கொல்லைப் பூ!" என்று ஒரு மூதாட்டி உரக்கச் சொன்னார். பீடச் சிறுவன் நம் அங்கியைப் பிடித்து இழுத்து, "இப்போ வெட்டுக்கிளி இல்லை, சாமி" என்று சான்று பகர்ந்தான்.

அன்பார்ந்த குடும்பங்களே! உங்கள் தெருவிலும் ஒரு தையற்காரப் பெண் இருப்பாள். உங்கள் மகளின் திருமண இரவிக்கையைத் தைப்பவளாக, முதல் நற்கருணை வாங்கும் பிள்ளைக்குப் பூ வேலை செய்பவளாக இருப்பாள். "கொஞ்சம் மணிதானே, இதற்கு இவ்வளவா?" என்று பேரம் பேச வாயெடுக்கும் முன், நகத்தளவு இடத்தில் முப்பது மணி என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று ஒருமுறை கேளுங்கள். அவர்கள் நமக்கு இலவசமாகத் தர விரும்பினால், அதை அவர்கள் வாயால் சொல்லட்டும். அதுவரை உறையை எடுத்துக்கொண்டு அவர்கள் வாசலுக்கு நாம் செல்வோமா?